அந்நிய ஞானியின் சொல்லும் ஏழையின் எல்லைக்கல்லும்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 22:17 – 23:11





பழமொழி இல்லாத மக்களினம் உலகில் இல்லை. பிள்ளையை அதட்டும் தாயும், பேரம் பேசும் வணிகனும், பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் பெரியவரும் தங்கள் பேச்சின் நடுவே ஒரு பழமொழியை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பல தலைமுறைகள் பட்டு அறிந்ததை மக்கள் ஐந்தாறு சொற்களில் அடக்கிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் விசுவாசிகளாகிய நமக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. கர்த்தரை அறியாத மக்களின் ஞான வார்த்தைகளை நாம் எப்படி ஏற்பது? சிலர், வேதத்தில் இல்லாதது எதுவும் நமக்கு வேண்டாம் என்று அவற்றை முற்றிலும் தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலரோ, காதுக்கு இனிமையாக ஒலிக்கும் எந்தச் சொல்லையும் வேதவசனத்தோடு சமமாக வைத்துவிடுகிறார்கள். காலையில் கைபேசிக்கு வந்துசேரும் பொன்மொழியை வசனம் என்றே எண்ணிப் பிறருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு வழிகளையும் விட மேலான ஒரு வழியை நீதிமொழிகள் புத்தகத்தின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. இந்த வாரம் அதைச் சற்று நிதானமாகத் தியானிப்போம்.

ஒரே புத்தகத்தில் பல குரல்கள்

நீதிமொழிகள் புத்தகத்தை நாம் பொதுவாக சாலொமோனின் புத்தகம் என்று சொல்லுகிறோம். அது சரியே. ஆயினும் புத்தகத்தின் தலைப்புகளைக் கவனித்து வாசித்தால், அதில் வேறு குரல்களும் ஒலிப்பதைக் காணலாம். பத்தாம் அதிகாரம் சாலொமோனின் நீதிமொழிகள் என்று தொடங்குகிறது. 22:17இல் ஞானிகளின் வார்த்தைகளுக்குச் செவிகொடுக்கும்படி அழைப்பு வருகிறது. 24:23இல் ஞானிகளின் சொற்கள் இன்னும் சில சேர்க்கப்படுகின்றன. 25ஆம் அதிகாரமோ, சாலொமோனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிற்காலத்தில், எசேக்கியா ராஜாவின் மனுஷர் பெயர்த்தெழுதிய தொகுப்பு. 30ஆம் அதிகாரம் ஆகூர் என்பவருடையது. 31ஆம் அதிகாரம், லேமுவேல் என்னும் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது. இந்த ஆகூரும் லேமுவேலும் இஸ்ரவேலர் அல்லர், அரேபியப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். இஸ்ரவேலின் ராஜாக்கள் எவருடைய பட்டியலிலும் லேமுவேல் என்ற பெயர் இல்லை.

இதில் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. சாலொமோன் மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்னான் என்று அறிவிக்கும் 1 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம், அவனுடைய ஞானத்தைக் கிழக்கத்தியாரின் ஞானத்தோடும் எகிப்தியரின் ஞானத்தோடும் ஒப்பிட்டு, அவற்றிலும் அது சிறந்தது என்கிறது. மதிப்பில்லாத ஒன்றோடு யாரும் எதையும் ஒப்பிட்டு உயர்த்துவதில்லை. எகிப்திலும் கிழக்கிலும் மெய்யான ஞானம் இருந்தது என்பதை வேதம் அங்கே ஒப்புக்கொள்ளுகிறது. மோசேயும் எகிப்தியரின் ஞானத்தில் பயிற்றுவிக்கப்பட்டவர் என்று அப்போஸ்தலர் 7:22இல் ஸ்தேவான் சொன்னதை நினைவுகூருங்கள்.

நைல் நதிக்கரையின் சுருள்

1888ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த வாலிஸ் பட்ஜ் என்பவர் எகிப்தின் தீப்ஸ் நகரில் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளைப் பெற்றார். பாப்பிரஸ் என்பது நைல் நதிக்கரையில் வளரும் ஒருவகை நாணலிலிருந்து செய்யப்பட்ட தாள். அந்தச் சுருள் லண்டனுக்குச் சென்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1923இல்தான் அதன் முழு வாசகமும் வெளியிடப்பட்டது. அதற்கடுத்த ஆண்டே, எகிப்திய மொழியில் பெரும்புலமை பெற்றிருந்த அடோல்ஃப் எர்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர், அதிலுள்ள பல போதனைகள் நீதிமொழிகள் 22, 23ஆம் அதிகாரங்களோடு வியக்கத்தக்க விதத்தில் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார்.

அந்த நூலின் ஆசிரியர் பெயர் அமெனெமோப்பே. அவர் தம் இளைய மகனுக்குச் சொல்லும் அறிவுரையாக அது அமைந்திருக்கிறது. நம் கைக்குக் கிடைத்த சுருள் பிற்காலப் பிரதி. மூலநூலோ சாலொமோனுக்கு முன்னரே, ஏறத்தாழ கி.மு. 1300க்கும் 1100க்கும் இடையில் எழுதப்பட்டிருக்கும் என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து.

அமெனெமோப்பே எத்தகைய வேலை பார்த்தவர் என்பது நம் தியானத்திற்கு முக்கியமானது. அவர் நிலங்களையும் தானியத்தையும் மேற்பார்வை செய்த அரசு அலுவலர். அந்நாட்களில் நைல் நதி ஆண்டுதோறும் பெருகி, வயல்களை மூடி, வண்டலைப் படியவைத்து வடியும். வெள்ளம் வடிந்த பின் வரப்புகள் அழிந்திருக்கும். எது யாருடைய வயல் என்று கயிறு பிடித்து மீண்டும் அளந்து, எல்லைக்குறிகளை நாட்ட வேண்டும். அதைச் செய்கிறவன் நினைத்தால் ஒரு விதவையின் நிலத்தை ஒரு முழம் குறைத்து, வசதி படைத்தவனின் நிலத்தில் சேர்த்துவிடலாம். தானியத்தை அளக்கும் மரக்காலிலும் அவன் அதையே செய்யலாம். வேலியே பயிரை மேய்ந்தால் கேட்பார் யார்? அந்தச் சோதனையை அன்றாடம் கண்முன் கண்ட ஒருவர், அதே பணிக்கு வரப்போகும் தம் மகனை எச்சரிக்கிறார்.

அவருடைய நூலில் முப்பது அதிகாரங்கள் உண்டு. முடிவில், இந்த முப்பதையும் கருத்தாய்ப் பார் என்று மகனுக்குச் சொல்லுகிறார். நீதிமொழிகள் 22:20இல் உள்ள ஒரு எபிரெயச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்புகள் பல, மேன்மையானவை என்ற பொருளில் எடுத்துக்கொண்டன. இப்போதைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது முப்பது என்றே வாசிக்கப்படுகிறது.

எவை ஒத்திருக்கின்றன?

ஏழையைக் கொள்ளையிடாதே என்று எகிப்திய நூல் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. நீதிமொழிகள் 22:22 அதையே சொல்லுகிறது. கோபக்காரனோடு தோழமை வேண்டாம் என்பது இரண்டிலும் உண்டு (22:24, 25). அதிகாரியின் பந்தியில் அமரும்போது அடக்கமாய் உண்ண வேண்டும் என்பதும் அப்படியே (23:1–3). தன் வேலையில் தேர்ந்தவன் உயர்ந்தோர் முன் நிற்பான் என்பது நீதிமொழிகளில் 22:29இல் வருகிறது. எகிப்திய நூல் அந்தக் கருத்தோடுதான் முடிகிறது.

செல்வத்தைத் துரத்தி ஓடாதே, அது சிறகு முளைத்துப் பறந்துபோகும் என்ற எச்சரிப்பும் இரண்டிலும் இருக்கிறது. எகிப்தியரின் நூலில் செல்வம் வாத்துகளைப் போலப் பறக்கிறது. நைல் நதியோரத்தில் வாத்துக்கூட்டங்களைப் பார்த்தே வளர்ந்தவர் வேறெதைச் சொல்லுவார்? நீதிமொழிகள் 23:5இலோ அது கழுகாய்ப் பறக்கிறது. இஸ்ரவேலின் மலைநாட்டு வானத்தில் கழுகுகளைக் கண்டவன் அப்படிச் சொன்னான். கருத்து எல்லையைக் கடந்து வந்தபோது, புதிய நாட்டின் பறவையாக மாறிக்கொண்டது.

எகிப்தின் குரல் மட்டுமல்ல, அரமேய மொழியின் குரலும் இப்பகுதியை ஒட்டிக் கேட்கிறது. அசீரிய அரசரின் ஆலோசகராக இருந்தவர் என்று கதைகள் கூறும் அகிகார் என்னும் ஞானியின் சொற்கள், நைல் நதியின் எலிபண்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பிரதியாகக் கிடைத்துள்ளன. யூதப் போர்வீரர் குடும்பமாகக் குடியிருந்த தீவு அது. பிள்ளையைத் தண்டித்துத் திருத்தினால் அவன் சாகமாட்டான் என்று அகிகார் சொன்னது, நீதிமொழிகள் 23:13ஐ நமக்கு நினைவூட்டுகிறது.

இது நம் விசுவாசத்தை அசைக்குமா?

பிரியமானவர்களே, இதை முதன்முதலாகக் கேட்கும்போது சிலருடைய உள்ளம் கலங்கலாம். தேவ ஆவியால் அருளப்பட்ட வேதத்தில் எகிப்தியனின் சொல் எப்படி வந்தது என்று கேட்கலாம்.

இதே சாலொமோன் தேவாலயத்தைக் கட்டிய விதத்தை நினைத்துப் பாருங்கள். கேதுரு மரங்கள் லீபனோனிலிருந்து வந்தன. அவற்றை வெட்டித் தந்தவர்கள் தீருவின் ராஜா ஈராமின் வேலைக்காரர். வெண்கல வேலையைச் செய்த ஈராம் என்னும் கைவினைஞனின் தகப்பன் தீரு நாட்டான் (1 இராஜாக்கள் 7:13, 14). மரம் அந்நிய மலையிலிருந்து வந்தது, கைத்திறனும் அந்நியரிடமிருந்து வந்தது. ஆலயத்தை நிரப்பிய மகிமையோ கர்த்தருடையது. அந்நிய நாட்டு மரத்தால் கட்டப்பட்ட ஆலயத்தில் வாசம்பண்ணக் கர்த்தர் வெட்கப்படவில்லை. அந்நிய ஞானியின் சொல்லைத் தம்முடைய புத்தகத்தில் வைக்கவும் அவர் வெட்கப்படவில்லை. தம் சூரியனை எல்லார்மேலும் உதிக்கப்பண்ணுகிறவர், நியாயம் இன்னதென்ற உணர்வையும் எல்லா ஜனத்தாருக்கும் கொஞ்சமேனும் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அதே சாலொமோனின் வாழ்க்கையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்நிய தேசங்களிலிருந்து அவன் மரத்தையும் ஞானத்தையும் மட்டும் கொண்டுவரவில்லை. பிற்காலத்தில் அவர்களுடைய தேவர்களையும் கொண்டுவந்தான் (1 இராஜாக்கள் 11). அங்கேதான் அவன் இருதயம் வழுவிப்போனது. ஆகவே வெளியிலிருந்து வரும் யாவும் நல்லதென்று நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. எதைப் பெறுவது, எதை விடுவது என்று பகுத்தறிய வேண்டும்.

நீதிமொழிகள் அந்தப் பகுத்தறிவைச் செய்து காட்டுகிறது. அமெனெமோப்பேயின் நூல் கள்ளத்தராசைக் கண்டிக்கும்போது, தராசின் அருகே ஞானத்தின் தேவனாகிய தோத் குரங்குருவில் அமர்ந்து கவனிக்கிறான் என்கிறது. நீதிமொழிகளும் கள்ளத்தராசைக் கண்டிக்கிறது. ஆனால் குரங்குருவான தேவனுக்கு அங்கே இடமில்லை. தராசும் பையிலுள்ள நிறைகற்களும் கர்த்தருடையவை என்று 16:11 அறிவிக்கிறது. நல்ல சொல் உள்ளே வந்தது, விக்கிரகம் வெளியே நின்றது.

மேலும், ஞானிகளின் வார்த்தைகள் தொடங்கியவுடனே 22:19இல் அவற்றின் நோக்கம் சொல்லப்படுகிறது. கேட்கிறவனின் நம்பிக்கை கர்த்தர்மேல் இருக்க வேண்டும் என்பதே அந்த நோக்கம். அரசு அலுவலில் மகன் சிறக்க வேண்டும் என்று எகிப்தியத் தகப்பன் எழுதினார். அந்தச் சொற்கள் இஸ்ரவேலுக்கு வந்தபோது, கர்த்தரை நம்பி வாழ்வதற்கான போதனையாயின.

எல்லைக்கல்லின் பின்னால் நிற்கிறவர்

இனி இந்தப் பகுதியின் மையத்துக்கு வருவோம். எல்லைக்குறியை மாற்றாதே, விதவையின் நிலத்தில் கைவைக்காதே என்று அமெனெமோப்பே எச்சரிக்கிறார். அப்படிச் செய்கிறவனைச் சந்திர தேவனின் வல்லமை பிடிக்கும் என்றும் சொல்லுகிறார். நீதிமொழிகள் 23:10, பூர்வ எல்லைக்குறியை மாற்றவும் திக்கற்ற பிள்ளைகளின் நிலத்தில் நுழையவும் கூடாது என்கிறது. இதுவரை இரண்டு நூல்களும் ஏறக்குறைய ஒரே வழியில் நடக்கின்றன.

அடுத்த வசனத்தில் நீதிமொழிகள் தனித்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வல்லமையுள்ள ஒரு மீட்பர் உண்டு, அவர் அவர்களுடைய வழக்கை நடத்துவார் என்று 23:11 சொல்லுகிறது. மீட்பர் என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் கோயேல். இஸ்ரவேலில் ஒருவன் வறுமையினால் தன் நிலத்தை விற்க நேர்ந்தால், அவனுடைய நெருங்கிய உறவினன் அதை மீட்டுக்கொடுக்க வேண்டும் (லேவியராகமம் 25:25). அந்த உறவினனே கோயேல். ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் சுதந்தரவாளியாக நின்று நகோமியின் குடும்ப நிலத்தை மீட்டது இந்த முறைமையின்படிதான்.

தகப்பனை இழந்த பிள்ளைக்கு அப்படிப்பட்ட உறவினன் யார்? கேட்பதற்கு ஆளில்லை என்று தெரிந்துதான் பக்கத்து வயற்காரன் இரவில் கல்லைப் பெயர்க்கிறான். அவனிடம் வேதம், ஆளிருக்கிறது என்று சொல்லுகிறது. அந்தப் பிள்ளையின் நெருங்கிய உறவினராகக் கர்த்தர் தாமே வந்து நிற்கிறார். குற்றத்தைத் தண்டிக்கும் நியாயாதிபதியாக மட்டும் அவர் இங்கே பேசவில்லை. இந்தப் பிள்ளை என் இனத்தான் என்று சொந்தம் பாராட்டுகிறவராகப் பேசுகிறார்.

எகிப்தின் ஞானி, ஏழையின் நிலத்தைத் தொடாதே என்று நன்றாகவே சொன்னார். அந்த ஏழை தேவனுக்கு யார் என்பதை வேதம் நமக்குச் சொல்லிற்று. காலம் நிறைவேறியபோது அந்த மீட்பர் மாம்சமும் இரத்தமும் உடையவராய், மெய்யாகவே நம் உறவினராய் வந்தார். தலைசாய்க்க இடமில்லாதவராக இருந்தவர், நமக்கு நித்திய சுதந்தரத்தை மீட்டுக்கொடுத்தார். நீதிமொழிகளை வாசிக்கும்போது கிறிஸ்துவை எங்கே காண்பது என்று கேட்கிறவர்களுக்கு, இந்த எல்லைக்கல்லின் அருகே பாருங்கள் என்று சொல்லுவேன்.

ஆண்டவரும் அப்போஸ்தலரும் காட்டிய வழி

நம் ஆண்டவர் மக்களின் பழமொழிகளை அசட்டை செய்யவில்லை. வைத்தியன் தன்னைத்தான் குணமாக்கிக்கொள்ளட்டும் என்ற பழமொழியை நாசரேத்தில் எடுத்துப் பேசினார் (லூக்கா 4:23). விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்னும் வழக்குச்சொல்லைச் சமாரியாவில், அது மெய்யானது என்று சொல்லி, அறுவடைப் பணிக்குப் பொருத்தினார் (யோவான் 4:37). பவுல் அத்தேனே பட்டணத்தில், தம் சொந்த நாடாகிய சிலிசியாவைச் சேர்ந்த அராட்டஸ் என்னும் கவிஞரின் சொல்லை எடுத்தாண்டார் (அப்போஸ்தலர் 17:28). ஆனாலும் அந்தக் கவிஞர் போற்றிய சீயுஸ் தேவனிடத்தில் அவர் நின்றுவிடவில்லை. அங்கிருந்து உயிர்த்தெழுந்த கிறிஸ்துவிடம் மக்களை அழைத்துச் சென்றார்.

நம் தமிழ்ச் சபையின் வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர். அதே பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1842இல் ஒரு நூலையும், 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் கொண்ட பெரிய நூலையும் வெளியிட்டார். 1897இல் ஹெர்மன் ஜென்சன் என்னும் டேனிஷ் மிஷனெரி தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து வெளியிட்டார். வேதத்தைத் தமிழில் கொடுக்க உழைத்த கை, வயலிலும் சந்தையிலும் தமிழர் பேசிய சொற்களையும் மதித்து எழுதிவைத்தது. ஒரு மக்களுக்குச் சுவிசேஷம் சொல்ல விரும்புகிறவன் முதலில் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நமக்குச் செய்தி என்ன?

அருமையானவர்களே, ஏழை அழுத கண்ணீர் கூரிய வாளை ஒக்கும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். எகிப்தியனும் இதை அறிந்திருந்தான், எபிரெயனும் அறிந்திருந்தான். ஏழையை ஒடுக்குவது தவறு என்று அறியாத ஜனம் பூமியில் இல்லை. ஆயினும் எல்லைக்கற்கள் இன்றும் நகர்கின்றன. அறியாமையினால் அவை நகர்வதில்லை.

பழமொழி வாயில் இருந்தால் போதாது என்பதை நீதிமொழிகளே எச்சரிக்கிறது. மூடன் வாயில் உள்ள பழமொழி நொண்டியின் கால்களைப் போலப் பயனற்றுத் தொங்கும் என்று 26:7 சொல்லுகிறது. மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்ன சாலொமோனும் தன் முதிர்வயதில் அவற்றால் காக்கப்படவில்லையே!

ஆகையால் இந்த வாரம் நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். பாகப்பிரிவினையில் தகப்பனில்லாத தம்பி மகனுக்கு உரிய பங்கு முழுவதும் போய்ச் சேர்ந்ததா? நம் வீட்டு மதில், விதவையான அண்டை வீட்டாளின் நிலத்திற்குள் ஓரடி புகுந்திருக்கிறதா? வீட்டு வேலை செய்கிறவளின் கூலியில், அவள் கேட்கமாட்டாள் என்ற தைரியத்தில் எதையாவது பிடித்துக்கொண்டோமா? கடையில் நம் தராசு யாவருக்கும் ஒன்றாய் இருக்கிறதா? பட்டாவும் பத்திரமும் நம் பெயரில் இருக்கலாம், நீதிமன்றத் தீர்ப்பும் நம் பக்கம் இருக்கலாம். எதிர்த்தரப்பில் வழக்கை எடுத்து நடத்துகிறவர் கர்த்தராயிருந்தால், அந்தத் தீர்ப்பினால் நமக்கு என்ன பயன்? நகர்த்திய கல்லைத் திரும்பப் பழைய இடத்தில் நடுவதுதான் மனந்திரும்புதல். அப்படிச் செய்ய வேண்டியவர்கள் நம்மிடையே இருந்தால், அடுத்த திருவிருந்துக்கு முன்பாக அதைச் செய்துமுடியுங்கள் என்று உங்கள் போதகனாக அன்போடு வேண்டுகிறேன்.

ஒருவேளை நீங்கள் கல்லை இழந்த பக்கத்தில் நிற்கிறவர்களாய் இருக்கலாம். எனக்காகப் பேச யாருமில்லை என்று இரவில் அழுகிறவர்களாய் இருக்கலாம். உங்கள் மீட்பர் வல்லவர். உங்கள் வழக்கை அவர் மறந்துவிடவில்லை.

தென்தேசத்து ராஜஸ்திரீ சாலொமோனின் ஞானத்தைக் கேட்கப் பூமியின் எல்லையிலிருந்து வந்தாள் என்றும், சாலொமோனிலும் பெரியவர் இங்கே இருக்கிறார் என்றும் நம் ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 12:42). எந்த நாட்டு ஞானியின் நல்ல சொல்லையும் நன்றியோடு கேளுங்கள். கேட்டபின் அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரின் பாதத்தண்டைக்கு வாருங்கள். சொல்லை அறிந்தும் செய்யத் தவறுகிற நம்மை மன்னிக்கவும், செய்வதற்குப் பெலன் தரவும் அவரால் மட்டுமே கூடும்.

ஜெபிப்போம்: எல்லா ஜனங்களுக்கும் ஞானத்தின் ஊற்றாகிய பிதாவே, ஏழைகளின் உறவினராய் நிற்கிறவரே, நாங்கள் அறிந்திருக்கிற நன்மையைச் செய்ய எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் கைகளால் நகர்ந்த கற்களை எங்கள் கைகளாலேயே திரும்ப நடச் செய்யும். எங்கள் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.